பத்தாயிரம் மீட்டர் ஐஸ் ஸ்கேட்டிங்: உள்ளயா, வெளியயா?

முள்ளுக்கத்திரி (சத்துவாச்சாரி)

எல்லாருக்கும் வணக்கம். நம்ம பக்கம் இன்லைன் ஸ்கேட்டிங் (ஒரே வரிசையில சக்கரம் வச்ச ஸ்கேட்) பழகுற பசங்களுக்கு 2010 வான்கூவர் ஒலிம்பிக் ஆண்கள் 10,000 மீட்டர் பந்தயத்தைப் போட்டுக் காட்டலாம்னு இருக்கு. நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர் எல்லாரையும் விட வேகமா முடிச்சும் தகுதி நீக்கம் ஆன பந்தயம். பசங்க கேட்கப் போற முதல் கேள்வியே "ஏன்?"தான். பாதை மாறுற விதியை யாராவது அளவோட, சரியா விளக்க முடியுமா? அந்த ஐஸ், பூட்ஸ், பிளேடு பத்தியும் தெரிஞ்சவங்க சொன்னா நல்லாருக்கும். பேப்பர்ல பாதி நேரம் "பனிச்சறுக்கு"ன்னு எழுதிடுறாங்க. மலையில கட்டை மாட்டிக்கிட்டு இறங்குறதும் அதுவே, இதுவும் அதுவே. பசங்க குழம்பிப் போறாங்க.

டிஎன் 23

முதல்ல தளம். ஒரு சுற்று 400 மீட்டர். ரெண்டு பாதை, ஒவ்வொண்ணும் 4 மீட்டர் அகலம். ஒரு நேரத்துல ரெண்டே பேர். பக்கத்துல ஓடுறவரை முந்தினா மட்டும் ஒண்ணும் கிடைக்காது, எல்லா ஜோடியும் ஓடி முடிச்ச பிறகு யார் நேரம் குறைவோ அவருக்குத்தான் தங்கம். உள்பாதையில கிளம்புறவர் கையில வெள்ளைப் பட்டை, வெளிப்பாதையில கிளம்புறவருக்குச் சிவப்பு.

உள்வளைவு சின்னது, வெளிவளைவு பெருசு. எவ்வளவு பெருசு? பாதைக்குப் பாதை 4 மீட்டர் தள்ளி இருக்கு, வளைவு அரைவட்டம். 3.14 பெருக்கல் 4, அதாவது ஒரு வளைவுக்கு சுமார் 12 மீட்டர் 57 சென்டிமீட்டர் வித்தியாசம். இதைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு சுற்றிலும் முடிவுக் கோட்டுக்கு எதிர்ப்பக்க நேர்கோட்டுல ரெண்டு பேரும் பாதை மாத்திக்கணும். அப்படி மாத்தினா ஒரு சுற்றுக்கு ஒரு உள்வளைவு, ஒரு வெளிவளைவு, ஆளுக்கு ஆள் கணக்கு சமம். அதனாலதான் 25 சுற்றுக்கும் ரெண்டு பேரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்புறாங்க, ஒருத்தரை முன்னால தள்ளி நிக்க வைக்க வேண்டிய வேலை இல்லை.

மாறும்போது ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்துட்டா? உள்பாதையிலிருந்து வெளிய போறவர்தான் வழிவிடணும். வெளிவளைவு சுத்தி வர்றவர் ஏற்கெனவே அதிக தூரம் ஓடியிருக்கார், அவரைத் தடுக்கக் கூடாது. மோதினா பழி உள்ளிருந்து வந்தவர் மேலதான்.

இப்போ கிராமர் விஷயம். 2010 பிப்ரவரி 23, ரிச்மண்ட் அரங்கம். கடைசி ஜோடியில கிராமரும் ரஷ்யாவின் இவான் ஸ்கோப்ரெவும். அதுக்கு முன்னாலேயே கொரியாவின் லீ சியுங்-ஹூன் 12:58.55 ஓடி வச்சிருந்தார். கிராமர் அதைவிட வசதியா முன்னால போயிட்டிருந்தார். இன்னும் எட்டு சுற்று பாக்கி இருக்கையில உள்வளைவை முடிச்சு வெளிய போகணும், போகவும் ஆரம்பிச்சுட்டார். கோடு ஓரமா நின்ன பயிற்சியாளர் கெரார்ட் கெம்கர்ஸ் சைகை காட்டி உள்ளே போன்னு கத்தினார். கிராமர் கடைசி நொடியில காலை இழுத்து உள்ளுக்கே திரும்பிட்டார். ரெண்டு உள்வளைவு தொடர்ந்து. நேரம் 12:54.50, லீயை விட 4.05 நொடி குறைவு. ஆனா செல்லாது. லீ தங்கம், ஸ்கோப்ரெவ் 13:02.07ல வெள்ளி, பாப் டி யோங் 13:06.73ல வெண்கலம்.

வீடியோவுல அந்த ஒரு நேர்கோட்டை மட்டும் மெதுவா ஓட்டிக் காட்டுங்க. கிராமரோட தோள் வெளிப்பக்கம் சாய்ஞ்சு, அப்புறம் இடது பக்கம் வெடுக்குனு திரும்புறது நல்லாத் தெரியும். உடம்புக்குச் சரியான பாதை தெரிஞ்சிருந்தது. காதுதான் கெடுத்தது.

மக்கன்பேடா (ஆற்காடு)

இன்னா நைனா இது அநியாயம். பத்து கிலோமீட்டர்ல பன்னிரண்டரை மீட்டர் மிச்சம் புடிச்சார்னு மெடலைப் புடுங்கிக்கிறதா? நாலு நொடி முன்னால வந்தவன் அவன். வேணும்னா ஒரு நொடி அபராதம் போடட்டும், அப்பவும் அவனே ஜெயிப்பான்.

டிஎன் 23

கணக்கு நீங்க சொல்றதுதான் அண்ணா. அவர் சராசரி சுற்று 31 நொடிக்குக் கொஞ்சம் கீழ, அதாவது நொடிக்கு 12.9 மீட்டர். 12.57 மீட்டருக்கு ஒரு நொடிகூட ஆகாது. அதைச் சேர்த்துப் பார்த்தாலும் மூணு நொடிக்கு மேல அவரே முன்னால.

ஆனா அபராத நேரம்னு வச்சா என்ன ஆகும்னு யோசிங்க. தப்பான பக்கம் போறவர் இன்னொருத்தர் ஓடுற பாதையில போறார். அந்த வளைவுல ரெண்டு பேரும் ஒரே 4 மீட்டர் அகலத்துக்குள்ள, மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்துல, காலில 40 சென்டிமீட்டர் கத்தியோட. விதி நேரத்துக்காக மட்டும் போட்டதில்லை. அதோட 10,000 மீட்டர்னா 10,000 மீட்டர். 9,987 ஓடினவருக்கு நேரம் போட்டா அது வேற பந்தயத்தோட நேரம்.

எனக்கு இதுல நெருடுறது வேற. வழி சொல்ல ஆள் இருக்குன்னு ஓடுறவர் தன் எண்ணிக்கையை விட்டுடுறது. அதுக்கு ஒரு சுலபக் குறி இருக்கு, பசங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க. முடிவுக் கோட்டுல பாக்கி சுற்று காட்டுற பலகை இருக்கும். பாக்கி ஒற்றைப்படைன்னா (25, 23, 21...) வெள்ளைப் பட்டைக்காரர் அந்தச் சுற்றுல உள்ளிருந்து வெளிய போகணும். இரட்டைப்படைன்னா வெளியிலிருந்து உள்ள. சிவப்புக்கு நேர் எதிர். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது பாக்கி 1, ஒற்றைப்படை, வெள்ளை வெளிய போய் வெளிப்பாதையில முடிப்பார். 25 சுற்றுக்கும் இது மாறாது.

இன்னும் சுலபம்: வந்த வளைவு சின்னதுன்னா போற வளைவு பெருசு. மூச்சு முட்டுற நேரத்துல எண்ணிக்கை மறந்தாலும், இப்பத்தான் சுத்திட்டு வந்த வளைவு காலுக்கு ஞாபகம் இருக்கும்.

முள்ளுக்கத்திரி

ஒற்றைப்படை இரட்டைப்படை விஷயம் அருமை. இதுவரை எங்கேயும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஐஸ் பத்தி யாராவது?

ஐஸ்பார் (குடியாத்தம் ரோடு)

ஐஸ் பேக்டரி தெரிஞ்சவங்களுக்கு இது சுலபமாப் புரியும். மீன் கடைக்குப் போற ஐஸ் பாரை உடைச்சுப் பாருங்க. ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, நடுவுல வெள்ளையா ஒரு தண்டு. தண்ணியில கரைஞ்ச காத்தும் உப்பும் உறையுற ஐஸுக்குள்ள இடம் கிடைக்காம நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்க மாட்டிக்கிது. அந்த வெள்ளைப் பகுதியைச் சுத்தியலால தட்டினா பொருபொருன்னு உதிரும். ஸ்கேட்டிங் தளத்துல அப்படி ஒரு இடம் இருந்தா பிளேடு அங்க கடிச்சுக்கும், ஓரம் பேந்துரும்.

அதனால அங்க உப்பு நீக்கின தண்ணியை, சூடாக்கி, மெல்லிசா ஒண்ணு மேல ஒண்ணாத் தெளிச்சு உறைய விடுறாங்க. சூடான தண்ணியில கரைஞ்ச காத்து குறைவு. அதோட மேல இருக்கிற கீறலைக் கொஞ்சம் உருக்கி ஒட்டவும் செய்யும். மொத்த கனம் 3 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான். கனமாப் போட்டா அடியில ஓடுற குழாயோட குளிர் மேல வரை ஏற நேரம் ஆகும், மேல்பரப்புச் சூட்டை கைக்குள்ள வச்சுக்க முடியாது. ஐஸைச் செதுக்கித் தண்ணி விடுற மெஷினைப் புதுசா ஓட்டுறவங்க தண்ணியைத் தாராளமா விட்டுக்கிட்டே போய் ஐஸை ஏத்திடுவாங்க. அப்புறம் சுரண்டி எடுக்கணும்.

சூட்டோட கணக்கு என்னன்னா, மைனஸ் 7 டிகிரி ஒட்டி உராய்வு ரொம்பக் குறைவு. அதைவிடக் குளிர்ந்தா ஐஸ் காய்ஞ்சு கெட்டியாகி பிளேடு வழுக்காது. சூடு ஏறினா மேல மெத்துனு ஆகி பிளேடு உள்ள புதையும். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

குளிர்பதன ஆளுங்களுக்கு ஒரு தகவல்: 2022 பெய்ஜிங் அரங்கத்துல அம்மோனியாவும் இல்லை, உப்புத்தண்ணியும் இல்லை. கார்பன் டை ஆக்சைடையே குளிரூட்டியா ஓட்டினாங்க. நம்ம ஊர் பிளான்ட்ல அம்மோனியா உப்புத்தண்ணியைக் குளிர்விக்கும், உப்புத்தண்ணி கேனைக் குளிர்விக்கும். ரெண்டு கை மாறுறதுல ஒவ்வொரு இடத்துலயும் சில டிகிரி போயிடும். அங்க குளிரூட்டியே தளத்துக்கு அடியில நேரா ஓடுது. அதுல அழுத்தம் ரொம்ப அதிகம், குழாயும் வால்வும் அதுக்குத் தகுந்த கனத்துல இருக்கணும். ஆனா 12,000 சதுர மீட்டர் ஐஸும் ஒரே சூட்டுல நிக்கும்.

இன்னொண்ணு ஈரம். கதவைத் திறந்து வச்சா வெளிக்காத்துல இருக்கிற ஈரம் ஐஸ் மேல வெள்ளைத் தூளாப் படியும், பழைய ஃப்ரீசர்ல படியுற மாதிரி. பத்தாயிரம் மீட்டர் ஓட ஒரு ஜோடிக்குப் பதின்மூணு நிமிஷம். மூணு ஜோடி போனா நாற்பது நிமிஷம். அதுக்குள்ள படிஞ்ச தூளைச் செதுக்கி எடுக்காட்டி மூணாவது ஜோடி மணல்ல ஓடுற மாதிரிதான். அதனால ரெண்டு மூணு ஜோடிக்கு ஒரு தரம் மெஷின் வரும். புது ஐஸ்ல எந்த ஜோடி ஓடுதுங்கறதைச் சாதாரணமா நினைக்காதீங்க.

மக்கன்பேடா

வெயிலூர்ல உக்காந்துகிட்டு மைனஸ் 7 பேசுறோம். மே மாசத்துல நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் டிரேல தண்ணியே சரியா உறைய மாட்டேங்குது.

ஒரு டவுட். சால்ட் லேக் சிட்டி, கால்கரி மாதிரி உயரமான ஊருலதான் ரெக்கார்டு உடையும்னு சொல்றாங்க. அப்புறம் ஸ்வீடன்காரன் நில்ஸ் வான் டெர் போல் எப்படி பெய்ஜிங்ல உலக சாதனை போட்டான்?

ஐஸ்பார்

காத்துதான் முக்கிய எதிரி. ஓடுறவரைப் பிடிச்சு நிறுத்துற விசையில சுமார் முக்கால் பங்குக்கு மேல காத்து, மிச்சம்தான் ஐஸ். காத்து மெல்லிசானா வேகம் கூடும். சால்ட் லேக் அரங்கம் 1,425 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட சுமார் 15 சதவீதம் குறைவு.

உயரம் இல்லாத ஊர்ல அரங்கத்துக்காத்தைச் சூடு பண்ணுறாங்க. 5 டிகிரிக்குப் பதிலா 15 டிகிரி வச்சா காத்தோட அடர்த்தி மூணரை சதவீதம் குறையும். கணக்குப் போட்டா வேகம் ஒரு சதவீதம் கூடும், சுற்றுக்கு 0.3 நொடி. 25 சுற்றுக்கு ஏழெட்டு நொடி! காத்து சூடு, ஐஸ் குளிர், ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ. கரண்ட் பில் யாரும் கேட்காதீங்க.

பாகாயம்

அண்ணன் சொன்னதுல பாதி. 15 சதவீதம் காத்து குறைஞ்சா 15 சதவீதம் ஆக்சிஜனும் குறையுது. 500 மீட்டர்காரருக்கு அது பெரிசில்லை, அரை நிமிஷத்துல முடிஞ்சுடும். பன்னிரண்டரை நிமிஷம் ஓடுறவர் முழுக்க மூச்சுல ஓடுறவர். அவருக்கு ஒரு கையால வாங்கி இன்னொரு கையால கொடுக்கிற மாதிரி. 2020ல சால்ட் லேக்ல கிரேம் ஃபிஷ் 12:33.86 ஓடினார்; அடுத்த வருஷமே கடல் மட்டத்துல இருக்கிற நெதர்லாந்தின் ஹீரன்வீன்ல வான் டெர் போல் 12:32.95, 2022ல பெய்ஜிங்ல 12:30.74. உயரம் லாபமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன்: 2025 ஜனவரியில டேவிடே கியோட்டோ 12:25.69 ஓடினது கால்கரியில, அதுவும் ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கிற ஊர்தான்.

பிசியோ பக்கத்திலிருந்து ஒண்ணு சேர்க்கிறேன், பசங்களுக்கு இதுதான் உபயோகம். ஸ்கேட்டர் ஏன் குந்தின மாதிரி ஓடுறார்? முழங்கால் மடிஞ்சு தொடை இறங்கினா காத்துக்குக் காட்டுற உடம்பு சின்னதாகும், தள்ளுற தூரமும் நீளும். ஆனா வழுக்கிட்டுப் போற அந்த நேரம் முழுக்க தொடைத் தசை இறுகியே இருக்கு. இறுகின தசைக்குள்ள ரத்தக்குழாய் நசுங்கும். சைக்கிள்ல மிதிக்கிறப்போ தசை இறுகித் தளர்ந்து இறுகித் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கும். ஸ்கேட்டிங்ல அந்த இடைவெளி குறைவு. அதனால இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தெம்பு பாக்கி இருக்கும்போதே தொடை மட்டும் எரிஞ்சு போயிடும்.

வளைவுல இது இன்னும் மோசம். 30 நொடிச் சுற்றுன்னா நொடிக்கு 13.3 மீட்டர். உள்வளைவுல ஆரம் 26 மீட்டர்னு வச்சா பக்கவாட்டு விசை உடம்பு எடையில கிட்டத்தட்ட எழுபது சதவீதம். ஆள் நேர்குத்திலிருந்து 35 டிகிரி சாய்ஞ்சிருப்பார். 70 கிலோ ஆளோட ஒத்தைக் கால் 85 கிலோ தாங்குது, அதுவும் மடிஞ்ச நிலையில. ஒரு பந்தயத்துல 50 வளைவு, எல்லாம் இடது பக்கமே.

வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்குக் களைப்பு முதல்ல எங்க தெரியும்? முகத்துல இல்லை, இடுப்புல. பதினைந்தாவது சுற்றுக்கு மேல இடுப்பு ரெண்டு விரக்கடை ஏறும். ஏறினா காத்து அதிகம் படும், தள்ளுற நீளம் குறையும், அதே வேகத்துக்கு எட்டு வைக்கிறது கூடும். மூச்சு வாங்கும். இன்னும் ஏறும். வீடியோவை நேர்கோட்டுல நிறுத்தி, முதல் சுற்று இடுப்பு உயரத்தையும் இருபதாவது சுற்று இடுப்பு உயரத்தையும் ஸ்க்ரீன்ல ஸ்கேல் வச்சுப் பாருங்க.

நேர்கோட்டுல ரெண்டு கையையும் முதுகுல கட்டிக்கிறது அலங்காரத்துக்கு இல்லை. கை வீசினா வேகம் வரும், ஆனா ஆக்சிஜன் செலவு. வளைவுல மட்டும் வலது கையை வீசுவாங்க, கடைசி ரெண்டு சுற்றுல ரெண்டு கையும் அவிழும்.

ஆம்பூர் லாஸ்ட்

பூட்ஸ் பத்தி நான். வழக்கமான ஷூல லாஸ்ட்டுக்கும் (ஷூ செய்யுற கால் அச்சு) காலுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடுவோம், நடக்கையில கால் மடங்கணும், வீங்கணும். லாங் டிராக் (இந்த 400 மீட்டர் சுற்று) பூட்ஸ்ல அந்தக் கணக்கே கிடையாது. கணுக்காலுக்குக் கீழயே முடிஞ்சுடும், அடிப்பாகமும் குதிகாலைப் பிடிக்கிற பின்பக்கமும் கார்பன் ஃபைபர், மேல மெல்லிசா தோல் இல்லைன்னா சிந்தெடிக் அப்பர். பல பேர் சாக்ஸே போட மாட்டாங்க. சாக்ஸுக்கும் லைனிங்குக்கும் நடுவுல வழுக்குற ஒரு மில்லிமீட்டர் பிளேடு முனையில போய் பெருசாத் தெரியும்.

வாங்குறவங்க பண்ற முதல் தப்பு, "வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசா எடுத்துடுவோம்". ஸ்கூல் ஷூவுக்குச் சரி. இதுல குதிகால் ஆடினா பையன் விரலை மடக்கிப் பிடிச்சுக்குவான், பாதம் மரத்துப் போகும். அளவு எடுக்கிறப்போ எடையை ரெண்டு காலிலயும் போட்டு நிக்க வச்சு, பேப்பர்ல பென்சிலைச் செங்குத்தாப் பிடிச்சு ரெண்டு பாதத்தையும் வரைங்க. பென்சில் சாய்ஞ்சா அஞ்சு மில்லிமீட்டர் பொய் சொல்லும். நீளம், பந்து பாகத்துச் (விரலுக்குப் பின்னால பாதம் அகலமா இருக்கிற இடம்) சுற்றளவு, ரெண்டும் எழுதுங்க. ரெண்டு காலும் ஒரே அளவா இருக்காது, பெரிய காலுக்குத்தான் எடுக்கணும். சாயங்காலம் அளந்தா நல்லது.

அடுத்தது கிளாப், அதாவது கீல் வச்ச ஸ்கேட். குதிகால் பக்கம் பிளேடு பூட்ஸோட ஒட்டியிருக்காது. முன்னால, பாதத்தின் பந்துக்குக் கீழ, ஒரு கீல். ஸ்பிரிங் இழுத்து மூடும். பழைய ஸ்கேட்ல கடைசித் தள்ளல்ல குதிகாலைத் தூக்கினா பிளேடு முனை ஐஸைக் குத்திடும், அதனால கணுக்காலை நீட்டாமலே ஓடினாங்க. கீல் வந்ததும் கெண்டைக்கால் தசையும் வேலை செய்யுது. 1994 லில்லேஹம்மர்ல யோஹான் ஓலாவ் கோஸ் பழைய ஸ்கேட்ல 13:30.55 ஓடினது அப்போ உலக சாதனை. கிளாப் வந்த முதல் ஒலிம்பிக் 1998 நாகானோ, ஜியானி ரோமே 13:15.33. வெறும் கீல் மட்டும் காரணம்னு நான் சொல்லலை, ஆனா பதினைந்து நொடியில பெரும்பங்கு அதுதான். அந்த "டக் டக்" சத்தம் ஸ்பிரிங் மூடுறது. ஸ்பிரிங் தளர்ந்தா பிளேடு லேட்டா மூடும், அடுத்த எட்டு வைக்கும்போது வால் ஐஸ்ல உரசும்.

முள்ளுக்கத்திரி

பிளேடு சாணை பிடிக்கிறது எப்படி? தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட கொடுக்க முடியாதுன்னு மட்டும் தெரியும் :)

ஆம்பூர் லாஸ்ட்

கொடுத்தா அதுக்கப்புறம் காய் நறுக்கத்தான் ஆகும்.

பிளேடு கனம் 1 மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் அதிகம். நீளவாக்குல பார்த்தா நேரா இல்லை, மெல்லிசா வளைவு இருக்கும். ஆரம் 23 மீட்டர்னா 40 சென்டிமீட்டர் பிளேடை சமதளத்துல நடுவுல நிறுத்துறப்போ ரெண்டு முனையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாத் தூக்கி நிக்கும், 0.87 மில்லிமீட்டர். அந்த 0.87ஐக் காப்பாத்துறதுதான் சாணையோட முழு வேலை. சுழல்கல்லு ஒரே இழுப்புல அதைத் தின்னுடும்.

ரெண்டு ஸ்கேட்டையும் தலைகீழா ஜிக்ல (பிடிச்சு நிறுத்துற சட்டம்) இறுக்கி, ரெண்டு பிளேடும் ஒரே மட்டத்துல இருக்கான்னு பார்த்துக்கணும். நீளமான தட்டைக்கல்லை ரெண்டு பிளேடு மேலயும் சேர்த்துப் படுக்க வச்சு, முனையிலிருந்து வால் வரை, சாய்வாக, ஒரே அழுத்தத்துல இழுக்கணும். முதல்ல சொரசொரப்புக் கல், அப்புறம் நைஸ் கல். கை தன்னால நடுவுலதான் அதிகம் அழுத்தும். அப்படியே பல தடவை போனா நடு தேய்ஞ்சு வளைவு தட்டையாகிடும். அந்த ஸ்கேட் நேரா நல்லா ஓடும், வளைவுல திரும்பாது. வளைவு அளக்கிற கேஜ் வச்சு அப்பப்போ பார்க்கணும்.

இழுத்து முடிச்சதும் ஓரத்துல ரெண்டு பக்கமும் பிசிறு நிக்கும். சின்னக் கல்லைப் பிளேடோட பக்கத்துல படுக்க வச்சு லேசா எடுக்கணும், மேல ஏத்தினா ஓரம் மழுங்கும். சரியா வந்துச்சான்னு பார்க்க நகத்தை ஓரத்துல குறுக்கே இழுங்க. ஒரே மாதிரி நகத்தூள் சீவி வரணும். எங்கயாவது வழுக்கினா அந்த இடம் மழுங்கல், எங்கயாவது மாட்டினா அங்க பிசிறு. ஹாக்கி ஸ்கேட் மாதிரி நடுவுல குழி கிடையாது. அடிப்பாகம் தட்டை, ஓரம் ரெண்டும் 90 டிகிரி.

டிஎன் 23

இவ்வளவும் எதுக்குன்னா ஒரே மாதிரி சுற்றுக்கு. வான் டெர் போலோட 12:30.74ஐ 25ஆல வகுத்தா சுற்றுக்கு 30.03. நின்ன இடத்திலிருந்து கிளம்புறதால முதல் சுற்று மூணு நாலு நொடி கூடப் போகும். அப்போ மிச்சம் 24 சுற்றும் சராசரியா 30க்குக் கீழ வந்தாத்தான் கணக்கு நேராகும். ரெண்டாவது வந்த பாட்ரிக் ரூஸ்ட் 13.85 நொடி பின்னால. அதே ஆள்கிட்ட 5,000 மீட்டர்ல வான் டெர் போல் ஜெயிச்சது 0.47 நொடியில. தூரம் ரெண்டு மடங்கு, வித்தியாசம் முப்பது மடங்கு.

சீக்கிரம் ஓடினா ஏன் கெடுது? காத்தை எதிர்க்கிற சக்தி வேகத்தோட மும்மடியில (வேகம் பெருக்கல் வேகம் பெருக்கல் வேகம்) கூடும். 30 நொடிச் சுற்றை 29 ஆக்கணும்னா பத்து சதவீதம் அதிகச் சக்தி வேணும். முதல் அஞ்சு சுற்றுல அப்படிப் போய் அஞ்சு நொடி சம்பாதிச்சவர், கடைசிப் பத்து சுற்றுல ஒன்றரை ஒன்றரையா விட்டா பதினைந்து நொடி போச்சு. வட்டிக்கு வாங்கின கதைதான்.

பயிற்சியாளர் கையில சின்னப் பலகை, அதுல போன சுற்றோட நேரம். 30.2, 30.1, 30.4. ஓடுறவர் கண்ணு போறது அந்தக் கடைசி இலக்கத்துக்குத்தான். அவர் நிக்கிற இடம் பாதை மாத்துற அதே நேர்கோடு. பலகையில எழுதணும், எதிராளி நேரம் பார்க்கணும், கத்தணும். கெம்கர்ஸ் தடுமாறினது அந்த இடத்துலதான். அவர் ஒண்ணும் தெரியாதவர் இல்லை, 1988 கால்கரி ஒலிம்பிக்ல 5,000 மீட்டர் வெண்கலம் வாங்கினவர்.

வான் டெர் போல் தன் பயிற்சி முறையை 2022ல அப்படியே வெளியிட்டுட்டார். வாரம் அஞ்சு நாள் பயிற்சி, ரெண்டு நாள் முழு ஓய்வு. வருஷத்துல பல மாசம் சைக்கிள்தான், நாளுக்கு ஆறு ஏழு மணி நேரம். ஐஸ்ல இறங்கினா பந்தய வேகத்துலயே சுற்று. நடுத்தர வேகத்துல சும்மா சுத்துறது கிடையாது.

மக்கன்பேடா

நாளுக்கு ஏழு மணி நேரம் சைக்கிள்! காட்பாடியிலிருந்து மெட்ராஸ் போயிடலாம் போல.

சரி, நம்ம பசங்களுக்கு ஐஸ் எங்க இருக்கு? டேராடூன்ல ஒரு ரிங்க், அதுவும் 60க்கு 30 மீட்டர் சைஸு. 400 மீட்டருக்கு எங்க போறது? வீல்லயே போறதுதான் சரி. நம்ம ஆனந்த்குமார் வேல்குமார் 2025ல சீனாவின் பெய்டாய்ஹேவுல இன்லைன் 1,000 மீட்டர் உலக சாம்பியன், 1:24.924. அப்புறம் 42 கிலோமீட்டர் மாரத்தானும் அவன்தான். தமிழ்நாட்டுப் பையன். ஐஸ் கதை எதுக்கு?

டிஎன் 23

வீல்ல வந்தவங்கதான் ஐஸ்லயும் கலக்குறாங்க அண்ணா. 2006 டூரின்ல 5,000 தங்கமும் 10,000 வெள்ளியும் வாங்கின சாட் ஹெட்ரிக் இன்லைன்காரர். 2022ல மாஸ் ஸ்டார்ட் (எல்லாரும் ஒண்ணாக் கிளம்புற பந்தயம்) தங்கம் வாங்கின பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் அப்படித்தான். லீ சியுங்-ஹூன் 2009 வரைக்கும் ஷார்ட் டிராக் (சின்னச் சுற்று ஐஸ் பந்தயம்). மறு வருஷமே ஒலிம்பிக் தங்கம். ஒரே எச்சரிக்கை, இன்லைன்ல ரெண்டு பக்கமும் தள்ளுற டபுள் புஷ் ஐஸ்ல வேலைக்கு ஆகாது.

முள்ளுக்கத்திரி, வீடியோ காட்டினதோட விடாதீங்க. பள்ளி மைதானத்துச் சிமெண்ட் தளம் 45 மீட்டருக்கு 23 மீட்டர் இருந்தா ரெண்டு பாதை உள்ள 100 மீட்டர் சுற்று வரையலாம். நேர்கோடு 21.7 மீட்டர். ஓடுற கோடு உள்வளைவுக்கு ஆரம் 8, வெளிவளைவுக்கு 10. ரெண்டு முனையிலயும் ஆணி அடிச்சு கயிறு கட்டி சாக்பீஸால சுத்துங்க. எதிர்ப்பக்க நேர்கோட்டுல மட்டும் நடுக்கோடு போடாதீங்க, அங்கதான் மாறணும். மத்த இடத்துல ரெண்டு மீட்டருக்கு ஒரு கோன். இந்த அளவுல தப்பா மாறினா மிச்சமாகிறது 6.28 மீட்டர்.

ஐஸ்பார்

ரெண்டு திருத்தம். 45க்கு 23ங்கறது கோட்டுக்கு மட்டும். விழறவன் எங்க போவான்? சுத்தி மூணு மீட்டராவது காலியா வேணும், வளைவுக்கு வெளிய கம்பமோ சுவரோ இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தா 51க்கு 29. அடுத்தது, நம்ம ஊர் சிமெண்ட் பத்து மணிக்கு மேல அடுப்பு. பாலியூரிதேன் வீல் சூட்டுல இளகும், உருள்றது கனக்கும், வளைவுல பிடிப்பும் மாறும். காலைல ஆறிலிருந்து எட்டுக்குள்ள முடிங்க. தளத்துல தூசி இருந்தா 8 மீட்டர் ஆரத்துல வழுக்கிடும், முதல்ல கூட்டி, ஈரத்துணியால துடைச்சு, காய விட்டு அப்புறம் கோடு போடுங்க.

பாகாயம்

வயசுக்குத் தகுந்து வேகம் வைங்க. 100 மீட்டருக்கு 18 நொடின்னா நொடிக்கு 5.6 மீட்டர், 8 மீட்டர் ஆரத்துல பக்கவாட்டு விசை எடையில நாற்பது சதவீதம். பன்னிரண்டு வயசுப் பையனுக்குப் போதும். 25 சுற்று ஓடினா 2,500 மீட்டர். எல்லாம் இடது பக்கமே சுத்துறதால முடிச்ச பிறகு வலது பக்கமா அஞ்சு சுற்று மெதுவாப் போக வைங்க, இல்லைன்னா இடுப்பு ஒரு பக்கம் இறுகும்.

முள்ளுக்கத்திரி

அளவெல்லாம் குறிச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு: கோடு ஓரமா ஒருத்தரை நிக்க வச்சு உள்ள வெளியன்னு கை காட்டச் சொல்லலாமா?

டிஎன் 23

வேணாம். பாக்கி சுற்றுப் பலகை, சுற்று நேரம், இது ரெண்டும் போதும். பத்தாவது சுற்றுக்கு மேல ஒரே ஒரு தடவை, வேணும்னே தப்பான பக்கம் கை காட்டச் சொல்லுங்க. ஆனா முன்னால போறவனுக்கும் பின்னால வர்றவனுக்கும் நடுவுல அரைச் சுற்று இடைவெளி இருக்கும்போது மட்டும், இல்லைன்னா மோதிக்குவாங்க. யார் திரும்பினாங்க, யார் திரும்பலைன்னு எழுதி வச்சு இங்க போடுங்க.

மக்கன்பேடா

கை காட்டுற வேலைக்கு நான் வர்றேன். காலைல ஆறு மணிக்குன்னா முதல்ல டீ.